தொட்டிக்கு ஆகுற கல்லு

பையக் கொஞ்சம் காலுக்கு அடியில தள்ளிக்கிடுதேன்க்கா, நீங்க நல்லா உக்காருங்க. இடிச்சிட்டா? வலிக்கத்தான் செய்யும். உள்ள இருக்கது அம்புட்டும் கல்லு.

ஆமாக்கா, கல்லுதான். ஆத்துக் கல்லு. கண்டக்டரும் உங்கள மாதிரித்தான் பாத்தாரு. கோயில் கட்டப் போறியளான்னு கேட்டாரு. கோயிலும் இல்ல, குளமும் இல்ல. வீட்டுல மீன் தொட்டி இருக்கு, அதுல போட. கண்ணாடித் தொட்டி. ஹால்ல பாதிச் சுவரு அதுக்குத்தான். எங்க வீட்டுக்காரக ஆசைப்பட்டு வாங்கி வச்சது.

கடையில விக்கும்தான். செவப்பு, நீலம்னு பாக்கெட்டுல போட்டு விக்கும். சாயம் முக்குன கல்லு, நாள்பட நாள்பட சாயம் விட்டுரும். அந்தத் தண்ணியில மீனு கெடக்கணுமா? கல்லுன்னா எல்லாக் கல்லும் தொட்டிக்கு ஆகாதுக்கா. ஒருகாலத்துல எனக்கும் தெரியாது. இப்பம் நீங்க எந்தக் கல்லக் கொண்டாந்து குடுத்தாலும் ஆகுமா ஆகாதான்னு சொல்லிருவேன்.

நீங்க எங்க எறங்குதிய? திருநவேலியா? அப்பம் நேரம் கெடக்கு. நானும் அங்க எறங்கிப் பாளையங்கோட்டைக்கு வேற பஸ் மாறணும். வெளக்கு வைக்கதுக்குள்ள வீட்டுல இருக்கணும். அவுகளுக்கு வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்ததும் தொட்டியப் பாக்கணும். நான் பக்கத்துல நின்னு லைட்டப் போட்டு, மீனுக்குத் தீனி போடணும். இல்லன்னா அவுகளுக்குச் சாப்பாடு எறங்காது.

கத்தாருல, தோகாவுல இருக்காக. கட்டட வேலையில சூப்பர்வைசர். கல்யாணம் ஆன வருசத்துல இருந்தே வெளிநாடுதான். ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வருவாக, ஒரு மாசம் இருப்பாக. நான் மாடி வீட்டுல தனியா இருக்கேன். பிள்ளை இல்ல. எல்லாரும் அதத்தான் அடுத்தாப்புல கேப்பாக, அதான் நானே சொல்லிருதேன்.

போன தடவ லீவுல வந்தப்பம் இந்தத் தொட்டிய வாங்குனாக. "ஒனக்குப் பொழுது போகும்லா வடிவு"ன்னாக. எனக்குப் பொழுது போயிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கீழ்வீட்டு டீச்சர் கூட தையல் கிளாசுக்குப் போய்க்கிட்டு இருந்தேன். கை ஏத்துறது மட்டும் சரியா வரல, மத்தபடி ஜாக்கெட்டு தைச்சிருவேன். மீனுக்குத் தீனி போடுற நேரமும் கிளாசு நேரமும் ஒண்ணா வந்துச்சு. அதான் விட்டுட்டேன். வருத்தம்லாம் இல்லக்கா. கை ஏத்துறது வரலன்னேன்லா.

ஊருக்குப் போறதுக்கு மொத நாளு ஹால்ல ஒரு கேமரா மாட்டுனாக. மீனைப் பாக்கதுக்குத்தான். அங்க இருந்துக்கிட்டே போன்ல பாக்கலாமாம். தொட்டி முழுசும் தெரியணும்னு ஏணியப் போட்டு ஏறி, அங்க வச்சு, இங்க வச்சு, சாயங்காலம் வரைக்கும் மெனக்கெட்டு ஒரு எடத்துல முடுக்குனாக. அதுல தொட்டியும் தெரியும், வாசக்கதவும் தெரியும். வேணும்னு வைக்கல. அந்தக் கேமராவோட அகலம் அப்பிடி.

என்னத்துக்குக்கா சிரிக்கிய? இல்லையா? சரி.

பாவம் அவுக. அங்க ஒரு ரூமுக்குள்ள அடுக்குக் கட்டிலு, ஆளுக்கு ஒரு தட்டு. சன்னலத் தொறந்தா அடுத்த கட்டடத்துச் சுவரு. வெளிய வந்தா வெயிலு. மத்தியானம் போன முன்னால சாத்தி வச்சுக்கிட்டு, தொட்டித் தண்ணியப் பாத்துக்கிட்டேதான் சோறு திம்பாக. "இதப் பாக்கையிலதான் எனக்கும் ஒரு வீடு இருக்குன்னு தோணுது வடிவு"ன்னு ஒருநாளு சொன்னாக. எனக்கு அழுகை வந்துட்டு. ஒரு மனுசன் சம்பாதிச்சு வாடகை குடுக்குற வீடு அவருக்கு அந்தத் தொட்டி அளவுக்குத்தான் தெரியுது. அதையும் நான் பாத்துக்கிடலன்னா எப்பிடி?

நல்ல மனுசன்க்கா. ஒருநாள் கை நீட்டுனதில்ல. சத்தம் கூடப் போட்டதில்ல. மெதுவாத்தான் பேசுவாக.

இந்தக் கல்லு விசயம் எங்க ஆரம்பிச்சுதுன்னா, அவுக கூட்டாளி ஒருத்தரு வள்ளியூர்க்காரரு, லீவுல வந்தாரு. அவருகிட்ட ஒரு பொட்டி குடுத்து விட்டிருந்தாக. தொறந்து பாத்தா கல்லு. ஒண்ணு ரோஸ் கலரு, பனிக்கட்டி மாதிரி. ஒண்ணு தங்கக்கட்டி மாதிரி மினுங்குது. ஒண்ணு பச்சை. அந்தப் பச்சைய நீங்க பாக்கணுமே! மரத்த அறுத்தா வளையம் வளையமா இருக்கும்லா, அந்த மாதிரி கரும்பச்சையும் எளம்பச்சையுமா வளையம். அங்க ஏதோ பெரிய கடையில வாங்குனதாம். ரோசு வீட்டுக்கு நிம்மதி, மினுங்குறது செல்வம், பச்சை குடும்பத்துல கண்ணு படாமக் காக்கும்னு அட்டையில போட்டிருந்ததாம். "தொட்டிக்குள்ள வையி, கேமராவுக்கு நேரா வரணும்"ன்னாக. வச்சேன். லைட்டப் போட்டா அந்தப் பச்சை அப்பிடியே தண்ணியில எறங்குன மாதிரி இருக்கும். அவுக ரூமுல உள்ளவுகள எல்லாம் கூப்பிட்டுக் காட்டுனாக.

அதுக்குக் கொஞ்ச நாளு கழிச்சு எந்தங்கச்சி மகளுக்கு நிச்சயம். தங்கச்சி பேரு பிரம்மசக்தி, பிரம்முன்னுதான் கூப்பிடுவோம். அம்பாசமுத்திரம் பக்கம் ஆத்தோரமா வீடு. இப்பம் அங்க இருந்துதான் வாரேன். எனக்குக் கூடப்பொறந்தவ அவ ஒருத்திதான். அந்தப் பிள்ளைய நானும் தூக்கி வளத்திருக்கேன், போகாம இருக்க முடியுமா? அவுகளும் சரின்னாக. ஒரே ஒரு ராத்திரி தங்குனேன். பிரம்முவும் நானும் வாசல்ல உக்காந்து பூவக் கட்டிக்கிட்டுப் பேசுனோம், பேசுனோம், பேச்சு தீரல.

மறுநாளு மத்தியானம் வந்து கதவத் தொறக்கேன், தொட்டியில எல்லாம் மல்லாக்க மெதக்குது. ஏஞ்சல் மீனு ரெண்டு, கோல்டு பிஷ்ஷு, கப்பி, எல்லாம். ஒண்ணு மட்டும் மூலையில வாயத் தொறந்து தொறந்து மூடுச்சு. நான் கைய விடுததுக்குள்ள அதுவும் போச்சு. செருப்பக் கூட கழட்டல நான்.

போன் வந்துச்சு. அவுக பாத்துட்டாக. நான் வரதுக்கு முன்னாடியே பாத்திருக்காக, பஸ்ல வருதவளப் பயமுறுத்த வேண்டாம்னு பேசாம இருந்திருக்காக. அம்புட்டு நல்ல மனசு. பொறவு மெதுவாக் கேட்டாக. "நீ போனப்பம் உசுரோட இருந்துச்சு. நீ வந்தப்பம் செத்துட்டு. எடையில நீ எங்க இருந்தே?"

எங்க இருந்தேன்னு அவுகளுக்குத் தெரியாமலா கேக்காக?

"இனி எங்கயும் தங்காத"ன்னாக. பொறவு அது, "இனி எங்கயும் போகாத"ன்னு ஆச்சு. எப்பம் ஆச்சுன்னு தெரியலக்கா. ஒருநாளு கோயிலுக்குப் போயிட்டு வந்தேன், "கதவு ரொம்ப நேரம் பூட்டியிருந்துச்சே, மீனுக்கு மூச்சு முட்டாதா"ன்னு கேட்டாக. கதவப் பூட்டுனா மீனுக்கு என்னத்துக்கு மூச்சு முட்டுதுன்னு நான் கேக்கல. கோயிலுக்குப் போறத நிப்பாட்டிட்டேன். காய்கறி டீச்சரே வாங்கிட்டு வந்து மாடிப்படியில வச்சிருவாக. சாமி எங்க இருந்து கும்பிட்டாலும் சாமிதான?

புது மீனு வாங்கி விட்டோம். அதுவும் செத்துச்சு. மொதல்ல நத்தை. தொட்டிக் கண்ணாடியில ரெண்டு நத்தை ஊந்துக்கிட்டுத் திரியும், அது கீழ விழுந்து கெடந்துச்சு. நான் தூங்குதுன்னு நெனச்சேன். பொறவு ஒவ்வொரு மீனா. இந்தத் தடவ நான் எங்கயும் போகலக்கா. தொட்டிக்கு முன்னாலயே நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கேன், கண்ணு முன்னாலயே சாவுது. அவுகளும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காக. நான் சொன்னேன், "பாத்தியளா, நான் இங்கயேதான இருந்தேன்." அவுக சொன்னாக, "ஒடம்பு இருந்தாப் போதுமா? மனசு இருக்கணும்லா. ஒம் மனசு எங்க இருந்துச்சு?"

மனசு பிரம்மு வீட்டு வாசல்லதான் இருந்துச்சு. அவுகளுக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு இன்னும் ஆச்சரியமா இருக்கு.

அடுத்து ஒரு வெள்ளிக்கிழமை. பூஜை சாமான் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். தொட்டிக் கல்லுல பாசி பிடிச்சு வழுவழுன்னு கெடந்துச்சு, அதையும் எடுத்துத் தேய்ப்போம்னு அந்தப் பச்சைக் கல்ல எடுத்துப் புளியப் போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க கையில வழியுற புளித்தண்ணி நெறம் மாறுது. நீலமும் இல்ல, பச்சையும் இல்ல. அந்த நெறம் எனக்குத் தெரியும்க்கா. உங்களுக்கும் தெரியும். செம்புக் கொடத்தக் கழுவாமப் போட்டா பூக்கும்லா களிம்பு, அதே நெறம்.

அப்பிடியே உக்காந்துட்டேன். களிம்பு ஏறுன செம்புச் சட்டியில புளிக்கொழம்பு வச்சா நம்ம திம்பமா? இந்தக் கல்லு ராப்பகலா அந்தத் தண்ணியிலயே கெடக்கு. அதுகளுக்குத் தண்ணியிலதான மூச்சே.

இருந்தாலும் அவுக ஆசையா வாங்கி அனுப்புனது, சட்டுனு பழி போட்டுரக் கூடாதுன்னு வினிகரு வாங்கி ஒரு கண்ணாடிக் கிண்ணத்துல ஊத்தி அதுக்குள்ள போட்டேன். கல்லச் சுத்திப் பொடிப் பொடியாக் குமிழி விட்டுச்சு. மறுநாளு பாத்தா கிண்ணத்துத் தண்ணி மயில்துத்தம் கரைச்ச மாதிரி இருக்கு. இன்னொரு கிண்ணத்துல அந்தத் தங்கக் கலரு. அதுல அடியில துருக் கட்டியிருக்கு. ரோசுக் கல்லு மட்டும் வச்சது வச்ச மாதிரி இருந்துச்சு. அது நம்ம ஊருல வெள்ளையாக் கெடக்குற வெங்கச்சங்கல்லுக்கு அக்கா தங்கச்சியாம், பொறவு போன்ல ஒரு வீடியோவுல பாத்தேன். ஒண்ணும் செய்யாது.

அவுககிட்ட எப்பிடிச் சொல்ல? சமையக்கட்டுல நின்னு நின்னு சொல்லிப் பாத்தேன். சமையக்கட்டுல கேமரா இல்ல. "நீங்க அனுப்புன கல்லு"ன்னு ஆரம்பிச்சா மொகம் வாடிரும். "கடையில உள்ளவன் ஏமாத்திட்டான் போலிருக்கு"ன்னு ஆரம்பிச்சா நல்லா இருக்கும்னு தோணுச்சு. லீவு நாளாப் பாத்து, ரூமுல மத்தவுக இல்லையான்னு கேட்டுக்கிட்டு, கிண்ணத்தக் கேமராவுக்கு முன்னால தூக்கிக் காட்டுனேன். ஒண்ணு விடாமச் சொன்னேன். தூக்குனதுல தண்ணி என் சேலையில சிந்திச்சு. அந்தக் கறை இன்னும் போகல.

அவுக பாத்துட்டு, "கடையில ஏமாத்திட்டான்"ன்னாக. நான் நெனச்சதையே சொல்லிட்டாக.

எனக்குச் சந்தோசம் தாங்கல. "அப்பம் நான் போனதுனால சாவலயில்லா? ஞாயித்துக்கிழமை பிரம்மு வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வரட்டா?"ன்னு கேட்டேன்.

அவுக சிரிச்சாக. எப்பவாச்சும்தான் சிரிப்பாக. "ஏ வடிவு, கல்லுலதான் கோளாறுன்னு கண்டுபிடிச்சது யாரு? நீதான. எப்பிடிக் கண்டுபிடிச்சே? வீட்டுல இருந்ததுனாலதான. நீ ஊரு சுத்திக்கிட்டு இருந்தா இது தெரிஞ்சிருக்குமா? இப்பம்தான் நீ வீட்டுல இருக்கணும்னு எனக்கு இன்னும் உறுதியாத் தெரியுது"ன்னாக.

அம்புட்டு நம்பிக்கைக்கா எம்மேல. அதுவரைக்கும் மீனு செத்ததுனால வீட்டுல இருந்தேன். அதுக்குப் பொறவு மீனு சாவாம இருக்கதுக்காக இருந்தேன். ரெண்டும் ஒண்ணா? ஒண்ணு இல்லல்லா?

தொட்டிய முழுசாக் காலி பண்ணிக் கழுவி, மணலையும் மாத்திட்டேன். உள்ள கல்லு இல்லாம மொட்டையா இருந்துச்சு. "பாக்க நல்லால்ல வடிவு, இயற்கையா ஏதாவது வையி"ன்னாக. எனக்கு அப்பம்தான் தோணுச்சு. "பிரம்மு வீட்டுக்குப் பின்னால தாமிரவரணி. அங்க நல்ல உருண்டைக் கல்லு கெடக்கும். நான்தான் போய்ப் பாத்து எடுக்கணும், வேற ஆளுக்குத் தெரியாது"ன்னேன். கொஞ்சம் யோசிச்சாக. "காலைல போயிட்டு சாயந்தரம் வந்துரு"ன்னாக.

கல்லு விசயம்னா மறுத்துச் சொல்லவே மாட்டாகக்கா.

அப்பிடித்தான் கல்லு எடுக்கப் போக ஆரம்பிச்சேன். ஒரு தடவையில எல்லாத்தையும் எடுத்துர முடியுமா? மொதல்ல பெருசு வேணும். பொறவு சின்னது. பொறவு மீனு ஒளிஞ்சுக்கிட பொடவு மாதிரி அடுக்க தட்டைக் கல்லு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவ. எடுத்ததும் மேல வினிகர் சொட்டு விடணும், பொங்குச்சுன்னா சுண்ணாம்புச் சத்து, தண்ணியக் கடினமாக்கிரும், வேண்டாம். மினுமினுன்னு உலோகக் கீத்து ஓடுனா வேண்டாம். நகத்தால சொரண்டுனா உதுந்தா வேண்டாம். கடைசியில பழைய நைலான் சேலைத் துணியில தேய்ச்சுப் பாக்கணும். நூல இழுத்துச்சுன்னா கூரு இருக்குன்னு அர்த்தம், மீனு ஒரசுனாச் செதில் கிழிஞ்சிரும். வழுக்கிக்கிட்டுப் போனா அதுதான் தொட்டிக்கு ஆகுற கல்லு. திருச்செந்தூர்க் கடக்கரையில கெடக்குற சிப்பி, பவளக்கல்லு எல்லாம் நம்ம தொட்டிக்கு ஆகாது. நான் சொன்னேன்லா, பாத்ததும் சொல்லிருவேன்.

மொதத் தடவ போனப்பமே பிரம்மு மெலிஞ்சுதான் இருந்தா. மக கல்யாண அலைச்சல்னு நெனச்சேன். ரெண்டாந் தடவ போனப்பம் வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அதுக்கு அடுத்தாப்புல நான் போகதுக்குள்ள போன் வந்துட்டு. கட்டியாம். ஆபரேசனாம்.

ஆஸ்பத்திரி எங்க தெரியுமாக்கா? எங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரம். மொட்டமாடியில ஏறி நின்னா அந்தக் கட்டடத்துத் தண்ணித்தொட்டி தெரியும். நான் அவுககிட்ட கேட்டேன். கூட இருந்து பாத்துக்கிடணும்னு கேக்கல, ஒருநாளு பாத்துட்டு வாரேன்னுதான் கேட்டேன். அவுக மெதுவாத்தான் சொன்னாக. "பிரம்முவுக்குப் புருசன் இருக்காரு, மாமியார் இருக்காக, மக இருக்கா. இந்த மீனுக்கு யாரு இருக்கா?"

நியாயம்தான?

ஆஸ்பத்திரியில கல்லு கெடைக்காதுல்லா. கெடைச்சிருந்தாப் போயிருப்பேன். அவ அங்க இருந்த நாளெல்லாம் துணி காயப்போட மொட்டமாடிக்குப் போவேன். துவைக்காத துணியக் கூட நனைச்சுக் கொண்டு போவேன். அந்தத் தண்ணித்தொட்டியப் பாத்துக்கிட்டு நிப்பேன். துணி ரொம்ப நேரமாக் காயுதேன்னு ஒருநாளு கேட்டாக.

அவ வீட்டுக்கு வந்ததும் மறுபடி கல்லு எடுக்கப் போனேன். கதவுகிட்ட வந்து நின்னா. தலைமுடியெல்லாம் கொட்டிட்டு, துண்டக் கட்டிக்கிட்டு நிக்கா. "ஏக்கா, என்னப் பாக்க வந்தியா, கல்லு பொறுக்க வந்தியா"ன்னு கேட்டா. நான் "ரெண்டுக்கும்தான்"ன்னேன். அவ உள்ள போயி ஒரு கூடைய எடுத்துட்டு வந்தா. "வா, நானும் வாரேன்"ன்னா.

இப்பம் ரெண்டு பேரும்தான் எடுக்கோம். அவளால குனிய முடியாது. படித்துறையில உக்காந்துக்கிட்டு கைகாட்டுவா, நான் எடுத்துக் குடுப்பேன். வினிகர் பாட்டிலு அவ மடியில இருக்கும். ஒவ்வொண்ணா சொட்டு விட்டு, காதுகிட்ட வச்சுக் கேப்பா. "இது பேசுதுக்கா, தூரப் போடு"ம்பா. "இது கம்முனு கெடக்கு, ஒன்ன மாதிரி. பையில போடு"ம்பா. கிண்டலுதான். சின்னதுல இருந்தே அவளுக்கு என்னக் கிண்டல் பண்ணலன்னா தூக்கம் வராது.

இன்னைக்கும் அப்பிடித்தான் உக்காந்திருந்தோம். திடீர்னு சொட்டு விடுறத நிப்பாட்டிட்டு, "நாளைக்கு மறுபடி மருந்து ஏத்தக் கூப்பிட்டிருக்காகக்கா. அது ஏறுறப்பம் ஒடம்பெல்லாம் எரியுது. அவரு வெளிய நின்னுருவாரு, பாக்கமாட்டாரு. பிள்ளை அழுதுருவா. நீ கூட வந்து கையப் பிடிச்சுக்கிட்டா நல்லாருக்கும். இன்னைக்கு இருந்துட்டு நாளைக்குக் காலைல எங்கூட வாயேன்"ன்னா.

நான், "மீனு இருக்கே"ன்னேன்.

அவ என்னப் பாத்தா. திட்டுவான்னு நெனச்சேன். மொதல்ல எல்லாம் திட்டுவா, "தொட்டியத் தூக்கி ஆத்துல கவுத்துட்டு வா"ன்னு. இன்னைக்குத் திட்டல. பக்கத்துல கெடந்த ஒரு கல்ல எடுத்தா, சொட்டு விட்டா, என் சேலை முந்தியில தேய்ச்சா, பையில போட்டா. இன்னொண்ணு எடுத்தா. அதையும் போட்டா. நான் "போதும் பிரம்மு, தூக்க முடியாது"ன்னு சொல்லுத வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்தா. அதான் பை இந்தக் கனம் கனக்கு.

இதோ போன் அடிக்கு பாருங்க. ஒரு நிமிசம்க்கா.

ஆங், சொல்லுங்க... பஸ்லதான்... வந்துக்கிட்டே இருக்கேன்... ஆமா, நெறையத்தான்... சரி... சரி... இல்ல, அவ நல்லா இருக்கா... சரிங்க. வச்சிருதேன்.

அவுகதான். தொட்டியில மீனு மேல மேல வருதாம், பசியாம். சீக்கிரம் வரச் சொன்னாக. இன்னொண்ணும் சொன்னாக. நேத்தே லேசாச் சொன்னாக, நான் காதுல வாங்காத மாதிரி இருந்தேன். இன்னைக்கு உறுதியாச் சொல்லிட்டாக. இதோட கல்லு போதுமாம். கல்லு கூடி மீனே தெரியலியாம். மீனு நீந்த எடம் வேணும்லா வடிவுன்னு கேக்காக.

அதுவும் சரிதான். நான்தான் ஒவ்வொரு தடவையும் பழையத எடுத்து மொட்டமாடியில கொண்டு போட்டுட்டு, புதுசுக்கு எடம் பண்ணிக்கிட்டு இருந்தேன். இப்பம் வீட்டு ஓனரும் வந்து சத்தம் போடுதாரு, தளம் எறங்கிரும்னு. மாடியில ஆத்தங்கரையே கெடக்கு.

பையில பாதியக் கொட்டிட்டுப் போலாம்னு சொல்லுதியளா? எப்பிடி? பாதிப் பையோட வாசல்ல நுழைஞ்சா தெரியுமே. கை வலிக்கத் தூக்கிட்டு வந்து, கேமராவுக்கு நேராக் கொட்டிக் காட்டுனாத்தான் காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் கல்லுதான் பொறுக்குனேன்னு ஆகும்.

இல்லக்கா, அழல. தூசி. சன்னல் அந்தப் பக்கம் தொறந்திருக்கு பாருங்க.

பிரம்முவுக்கு இன்னும் எத்தன தடவ மருந்து ஏத்தணும்னு சரியாச் சொல்லல. ஏத்துன பொறவுதான் பாத்துச் சொல்லுவாகளாம். நான் அதத்தான் யோசிச்சுக்கிட்டு வாரேன். கல்லும் போதும்னுட்டாக. இனி என்ன சொல்லிட்டுப் போக? மணலு சொல்லலாம்னு பாத்தா, ஆத்து மணல அள்ள விடமாட்டாக, அது அவுகளுக்கும் தெரியும். நீங்க நாலு எடம் பாத்தவுக மாதிரி இருக்கிய. மீன் தொட்டிக்கு வேற என்னக்கா வேணும்? ஆத்துல இருந்து எடுத்துட்டு வருத மாதிரி?

என்னது? செடியா?

தண்ணிக்குள்ள வளருமே, வேலம்பாசி மாதிரி. ஆமா, கெடக்கு. படித்துறைக்குக் கீழ்ப்பக்கம் நெறையக் கெடக்கு. வயக்கால் பக்கம் எடுக்கக் கூடாது, பூச்சிமருந்து எறங்கியிருக்கும். ஓடுற தண்ணியில உள்ளத எடுத்துக் கழுவி... மீனுக்கும் நல்லதுதான் அது. அதுக்குள்ள ஒளிஞ்சு வெளையாடும். அவுகளுக்கும் பச்சையா இருந்தா ரொம்பப் பிடிக்கும்.

அக்கா, ஒண்ணு கேக்கேன். அந்தச் செடி தொட்டிக்குள்ள எத்தன நாளைக்கு இருக்கும்? வெயிலு இல்லாம வாடிருமா? வாடுமா? அழுகிருமா?

அழுகிருச்சுன்னா தண்ணி கெட்டுரும். தண்ணி கெட்டா மீனுக்கு ஆகாது. அப்பம் பழைய செடிய எடுத்துட்டுப் புதுசு வச்சுத்தான தீரணும். அடிக்கடி வைக்கணும். நான்தான் போயி எடுக்கணும், வேற ஆளுக்குத் தெரியாதுல்லா.

பாருங்க, இது எனக்குத் தோணவே இல்ல. இம்புட்டு நாளா கல்லப் போயிச் சொமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். கல்லு எங்கக்கா அழுகும்?